பால் பொங்கிய முகம்

ஜூன் 16, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எடுத்த காட்சியில் ஒரு தவறு நடந்திருக்கிறது. சிறிய தவறுதான். கடைசி டேக்கில் அண்ணி ‘நீங்க’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்று சொல்லியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. கவனிக்காதது மட்டுமில்லை, குறிப்பில் அந்த டேக்குக்கு எதிரே ‘மிக நன்று’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எங்கே கோட்டை விட்டேன் என்று எனக்கு விளங்கும்.

மாலை நேர சினிமா வகுப்பில் கொடுத்த பயிற்சி இது: இரண்டு பேர், ஒரு மேசை, ஓர் உரையாடல். மூன்று கோணம் போதும் என்றார் எடிட்டிங் சார். இருவரும் தெரிகிற மாதிரி ஒன்று. அவர் தோளுக்கு மேலாக இவர் முகம் ஒன்று. இவர் தோளுக்கு மேலாக அவர் முகம் ஒன்று. நடிக்க ஆள் பிடிக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. தங்கியிருப்பது அண்ணன் வீட்டில், அதனால் அண்ணனையும் அண்ணியையுமே கேட்டேன். எழுத விஷயமும் கிடைக்கவில்லை. அதையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. வருகிறேன் அல்லது இல்லை என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அண்ணிக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து ஒவ்வொரு பல்லாகச் செய்பவர். போன மாதம்தான் அவருக்குத் தனி மேசை கொடுத்து, கீழே வேலை பார்க்க ஆளும் கொடுத்தார்கள். என் காட்சியில் கணவனுக்கு மாற்றல், மனைவிக்கு விட முடியாத வேலை. மனைவியின் வேலையைத் தையல் பள்ளி என்று மாற்றியதுதான் என் கற்பனை.

அண்ணி தாளைப் படித்துவிட்டு, “யாரு கதைன்னு கேக்கவே வேணாம் போல,” என்றார்.

“சும்மா பயிற்சிதான் அண்ணி.”

“நான் வேணாம்னா சொன்னேன், டைரக்டரம்மா? குடு, மனப்பாடம் பண்ணணும்ல.”

அண்ணன் எட்டிப் பார்த்தான். “எனக்கு ரெண்டே வரிதானா? அவளுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்க. வீட்டுலயும் இதே கதைதான்.”

“வீட்டுல நான் பேசுறது உங்க காதுல விழுதா?” என்று அண்ணி கேட்க, மூன்று பேரும் சிரித்தோம்.

சமையலறைக்கு முன்னால் இருக்கும் சாப்பாட்டு மேசையில் எடுத்தோம். வகுப்பில் என்னோடு படிப்பவன் மைக் பிடிக்க வந்தான். எப்போதும் நீண்ட கம்பியில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைவதால் அவனுக்கு வகுப்பில் பெயரே ‘பூம்’தான். முதலில் இருவரும் தெரியும் ஷாட். அடுத்து அண்ணன் பக்கம். அதில் நடுவில் ஒரு கூத்து. தேநீருக்கென்று அண்ணனே அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். சமையலறை அண்ணிக்குப் பின்னால். அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அவன் தலை நிமிர்ந்தது. கண் விரிந்தது, வாய் லேசாகத் திறந்தது. பிறகுதான், “ஐயோ, பால்!” என்று எழுந்து ஓடினான். பூம் சிரித்த சிரிப்பில் மைக் அண்ணியின் தலையில் இடித்தது.

கடைசியாக அண்ணி பக்கம். அண்ணன் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அவன் தோளும் காதும் மட்டும் ஓரத்தில் தெரியும். “என் மூஞ்சி வராதுன்னா நான் எதுக்கு?” என்றான். அண்ணி பார்த்துப் பேச ஆள் வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தேன். நான் திரும்பத் திரும்ப எடுத்ததில் அவனுக்குச் சலித்துப்போனது. கடைசி டேக்கில், நான் எழுதிய ‘போலாம்னு முடிவே பண்ணிட்டீங்க. என்னைக் கேட்டீங்களா நீங்க?’ என்ற வரியை அண்ணி இப்படிச் சொன்னார்:

“போலாம்னு முடிவே பண்ணிட்ட. என்னைக் கேட்டியா நீ?”

குரல் உயரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஹெட்போனோடு நின்ற பூம் என்னைத் திரும்பிப் பார்த்தான். மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். நான் அண்ணனை நீ, வா, போ என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அதனால்தான் அந்த ‘நீ’ என் காதில் உறுத்தவில்லை.

இன்று மத்தியானம், நான் வேலை செய்யும் போட்டோ ஸ்டுடியோவின் கணினியில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தபோதுதான் கேட்டது. முன்பாதி முழுக்க ‘நீங்க’. இங்கே வந்ததும் ‘நீ’. முந்தைய டேக்குகளில் ‘நீங்க’ என்று சரியாகச் சொன்னது இருக்கிறது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அட்டையை வைத்துப் படிப்பதுபோல் இருந்தது. கடைசி டேக்கை விட மனம் வரவில்லை.

ஆனால் அதில் இன்னொரு தொல்லை. அண்ணி கேட்கும்போது ஓரத்தில் தெரியும் அண்ணனின் தலை கீழே குனிந்திருக்கிறது. மேசைக்கடியில் போன். அதன் வெளிச்சம் அவன் காதுக்குக் கீழே நீலமாக விழுகிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் குழந்தையை யாராவது தோளைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதுதான் என் அன்றாட வேலை. யோசிக்கவே இல்லை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அண்ணனின் தோளை வெளியே தள்ளிவிட்டேன். அண்ணியின் முகம் மட்டும் நின்றது.

பேசுகிறவர் முகத்தைவிடக் கேட்கிறவர் முகம் முக்கியம் என்பது சாரின் பாடம். கேள்விக்கு அடுத்து அண்ணன் முகம் வேண்டும். எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் பூமைப் பார்த்துச் சிரிக்கிறான், ஒன்றில் கொட்டாவியை அடக்குகிறான். தேறியது ஒன்றே ஒன்று. பால் ஞாபகம் வந்த முகம். வாய் திறந்து சத்தம் வருவதற்குச் சற்று முன்னால் வெட்டினேன்.

“என்னைக் கேட்டியா நீ?” உடனே அந்த முகம். கேள்வி நெஞ்சில் தைத்த ஆள்போல இருக்கிறான் அண்ணன்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்தேன். எடிட்டிங் என்றால் இதுதான், இதில் தவறில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். நாளை வகுப்பில் ‘நீ’யைப் பற்றி யாராவது கேட்டால், என் கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் 17, புதன்

ஒப்புக்கொள்ளவில்லை.

காட்சி முடிந்ததும் வகுப்பில் யாரும் பேசவில்லை. என் காட்சிகளுக்கு வழக்கமாக வருவது இருமலும் நாற்காலிச் சத்தமும்தான். எடிட்டிங் சார் மறுபடி போடச் சொன்னார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

“எல்லாரும் கேட்டீங்களா? இவ்வளவு நேரம் ‘நீங்க’. இங்க ‘நீ’. ஒரே ஒரு எழுத்துல அந்தப் பொண்ணு எங்க போய் நிக்குது பாருங்க. உடனே அவன் மூஞ்சி. அவனுக்கு விழுந்துடுச்சு அடி.” என் பக்கம் திரும்பினார். “இந்த ‘நீ’ எழுதும்போதே வந்துச்சாம்மா?”

“ஆமா சார்.”

சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பொய் சொல்ல எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாது. முகம் சூடானது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டு சார் சிரித்தார். சனிக்கிழமை எல்லார் வீட்டு ஆட்களும் வந்து பார்க்கும் திரையிடலுக்கு என் காட்சியையும் சேர்த்துவிட்டார்.

படியிறங்கும்போது பூம் கூடவே வந்தான்.

“தாளைப் பிடிச்சு அண்ணிக்கு வரி எடுத்துக் குடுத்தது நான்தான? அதுல ‘நீங்க’ன்னுல இருந்துச்சு?”

“கடைசி நேரத்துல மாத்தினேன்.”

“ஓஹோ. பால் பொங்குனதையும் கடைசி நேரத்துலதான் எழுதினியா?”

நான் வேகமாகப் படியிறங்கினேன்.

“கோச்சுக்காத தாயே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” கீழே போனதும் குரலைத் தணித்தான். “அன்னிக்கு ஹெட்போன்ல கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அடுத்தவங்க வீட்டுக் கதவுல காது வச்ச மாதிரி. உங்க அண்ணி இதைப் பாத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“காட்டிடு,” என்றான். அப்புறம் பேருந்து வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டான். “என்ன சொன்னாரு உங்க சார்? என் நடிப்பு எப்படி?”

“உன் மூஞ்சி பிரமாதம்னாரு.”

“எந்த இடத்துல?”

“அண்ணி கேள்வி கேக்குற இடத்துல.”

“பாத்தியா! உள்வாங்கி நடிக்கணும். அது எல்லாருக்கும் வராது.” சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். “கேட்டியா, என் மூஞ்சியைப் பத்தித்தான் கிளாஸ் முழுக்கப் பேச்சாம்! நீ கேள்வி கேக்குற இடமாம்.”

குழாய்ச் சத்தம் நின்றது. “எந்தக் கேள்வி?” என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

அண்ணன் என்னைப் பார்த்தான். உதட்டை அசைத்து ‘எது?’ என்றான். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

“அதான்… ஊருக்குப் போறதைப் பத்தி ஏதோ கேப்பியே, அது,” என்றான்.

“ம்,” என்றார் அண்ணி. குழாய் மறுபடி திறந்தது.

ஜூன் 18, வியாழன்

மத்தியானம் அண்ணி ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருடைய லேப் அடுத்த தெருவில்தான். சில நாள் டப்பாவை எடுத்துக்கொண்டு சேர்ந்து சாப்பிட வருவார். இன்று டப்பாவைத் திறக்கவில்லை. படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு, “காட்டு,” என்றார். விரல் நகங்களில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

காட்டினேன். முடிந்தது.

“இன்னொரு தடவை போடு.”

போட்டேன். அண்ணன் முகம் வந்ததும், “நிறுத்து,” என்றார். திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

“இது பால் பொங்குன மூஞ்சில்ல?”

சிரித்து மழுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

“ஆமா அண்ணி.”

“நான் கூடப் பாத்தேனே, எங்க இருந்து இவ்வளவு அக்கறைன்னு.” திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப நான் கேட்டப்ப உங்க அண்ணன் என்ன பண்ணிட்டு இருந்தாரு?”

“கேமரா உங்க பக்கம் இருந்துச்சு அண்ணி. அவன் முகம் வராது.”

“தோள் வரும்னு நீதான சொன்ன? தோளைக் காணோமே.”

அந்த நேரம் ஒருவர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். அண்ணி முக்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். தொப்பியைக் கழற்றச் சொன்னால் அவருக்கு வழுக்கை தெரியக்கூடாதாம். தெரியத்தான் வேண்டும், அது விதி என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். “உள்ளதை உள்ளபடி எடுத்து என்ன லாபம்?” என்று அலுத்துக்கொண்டே போனார். அண்ணி அதற்கும் சிரிக்கவில்லை.

பிறகு வெட்டாத ஷாட்டைத் திறந்தேன். வேறு வழியில்லை. தோள் வந்தது, காது வந்தது. அண்ணி பேசுகிறார். தலை மெல்லக் குனிகிறது. காதுக்குக் கீழே நீல வெளிச்சம். கட்டைவிரல் தள்ளத் தள்ள, தோள் கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது. “போலாம்னு முடிவே பண்ணிட்ட. என்னைக் கேட்டியா நீ?” தலை நிமிரவில்லை. அண்ணி காத்திருக்கிறார். நான் ‘கட்’ சொல்கிறேன். தலை நிமிர்ந்து, “முடிஞ்சுதா?” என்கிறது.

“நீன்னா சொன்னேன்?” என்றார் அண்ணி.

“ஆமா.”

“எனக்கே தெரியல.” நகத்திலிருந்த பொடியைச் சுரண்டினார். “கல்யாணத்துக்கு முன்னாடி எங்க லேபுக்கு மெஷின் சரிபாக்க வருவாருல்ல உங்க அண்ணன், அப்ப நீ, வா, போதான். கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் மாத்திக்கச் சொல்லல. தானா நீங்க ஆயிடுச்சு.” திரையைப் பார்த்தபடி, “இத்தனை வருஷம் கழிச்சு நீன்னு கூப்பிட்டிருக்கேன். அதுவும் காதுல விழல,” என்றார்.

நான் ஷாட்டை மறுபடி தொடக்கத்துக்கு நகர்த்தினேன்.

“அந்தத் தடவை நான் நடிக்கல.”

“தெரியும் அண்ணி.”

“எப்பத் தெரியும்? இப்பவா, அப்பவேவா?”

இதை எழுதும்போதும் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அப்பவே தெரியும். தெரிந்துதான் சிலிர்த்தது. தெரிந்துதான் இரண்டு கோடு போட்டேன். ஒரு மனுஷி தன் புருஷனிடம் நிஜமாகக் கேட்கிறாள் என்று தெரிந்தும், நல்ல டேக் கிடைத்ததே என்று நினைத்தேன். அந்த ஆள் கேட்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், கேட்டதுபோல ஒட்டிவைத்தேன்.

“அப்பவே,” என்றேன்.

அண்ணி தலையாட்டினார். “தாள்ல நீ எழுதிக் குடுத்தப்ப, சரி, இப்படியாவது கேட்டுடலாம்னு நெனச்சேன். வீட்டுல கேக்கப் போனா ‘அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்’னே போயிடுச்சு. சினிமான்னா உக்காந்து கேட்டுத்தான ஆகணும்?”

“மன்னிச்சிடுங்க அண்ணி. சனிக்கிழமை போட வேணாம்னு சார்கிட்ட சொல்லிடறேன். எல்லாத்தையும் அழிச்சுடறேன்.”

“அழிச்சுட்டா? நான் கேட்டதும் போயிடும். நீ நல்லவளாயிடுவ, அவ்வளவுதான்.” குரல் உயரவில்லை, அந்த டேக்கில் இருந்த அதே குரல். “நாளைக்கு அவர் ஆபீஸ்ல பதில் சொல்லணும். நான் சம்மதிச்சேன்னு நெனச்சுட்டு இருக்காரு. இதை அவருக்குக் காட்டு. ஒட்டினதை இல்ல, இதை.”

“நானா?”

“நான் காட்டினா, எப்பப் பாரு அவரையே குத்தம் சொல்றேன்னு பேச்சு வேற எங்கயோ போயிடும். அதுக்குள்ள நாளைக்கு ஆபீஸுக்குப் பதிலும் போயிடும். எடுத்தது நீ. நீ காட்டு.”

“அண்ணனை நானே எப்படி அண்ணி…”

“தோளைத் தள்ளும்போது இப்படி யோசிச்சியா?”

டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்று, “சாப்பிடு. முகம் வாடிக் கெடக்கு,” என்றார். திட்டியிருக்கலாம்.

மாலையில் காட்டிவிடுவது என்று உறுதியாக வீட்டுக்கு வந்தேன். அண்ணன் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தான். “சனிக்கிழமை வந்துடுப்பா, என் தங்கச்சி எடுத்த படம். ஹீரோ யாருன்னு நெனைக்கிற?” என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டான். “வா வா. மடிக்கணினியைத் திற. எல்லாரும் பாத்தாச்சு, நான் மட்டும் இன்னும் என் மூஞ்சியைப் பாக்கல.”

திறந்தேன். இரண்டு கோப்பும் அடுத்தடுத்து இருந்தன. அவன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பையன்போல முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான். என் விரல் ஒட்டிய படத்தைத்தான் திறந்தது.

“அடேங்கப்பா! என்னா பார்வை!” என்றான் அந்த முகம் வந்ததும். “இரு இரு, பின்னாடி போ. அந்த இடத்தை மறுபடி போடு.”

மறுபடி போட்டேன். “என்னைக் கேட்டியா நீ?” என்றது அண்ணியின் குரல், சத்தமாக, கூடம் முழுக்க. அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவையும் அந்த ‘நீ’ அவன் காதில் விழவில்லை.

சமையலறை வாசலில் கைத்துண்டோடு அண்ணி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது மூன்று பேரும் இருந்தோம். அண்ணன்தான் பேசினான். புது ஊரில் வீடு பார்த்துத் தருவதாக அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். அண்ணி அவனுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். நான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

அண்ணனுக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான் விரல் அங்கே போனது என்று எழுத நினைத்தேன். அது சரியில்லை. படம் நன்றாக இருக்கிறது என்று அவன் வாயாலும் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

நாளை செய்ய வேண்டியது: காலையில் அண்ணன் அலுவலகம் கிளம்ப ஷூ போட உட்காரும்போது, வெட்டாத ஷாட்டை அவன் கையில் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவன் கேட்டால், பால் எப்போது பொங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சாரிடம் பேசுவது அதற்குப் பிறகு.